ஆறுகாட்டிகளின் ஓடம்

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. வெலிமடையின் தேயிலைச் சரிவுகளிலே வளர்ந்த நாம் ஓடத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகலாம். ஆயினும் நம் முன்னோர் கடல் கடந்தே இந்நாட்டுக்கு வந்தனர் அன்றோ?

மிஷன் பள்ளியிலே வாஸ்கோடகாமாவின் பெயரை மனப்பாடம் செய்தோம். 1498ஆம் ஆண்டு மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டை வரை அவனுக்கு வழிகாட்டி வந்த மாலுமியின் பெயரை எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. வழிகாட்டியைத் தமிழ் ஆறுகாட்டி என்னும். ஆறு என்பது வழி; ஆற்றுப்படை என்னும் சொல்லில் உள்ள ஆறும் அதுவே. கலங்கரை விளக்கம் துறை இருக்கும் திசையைக் காட்டும்; நீருக்கடியில் மறைந்திருக்கும் மணற்றிட்டைக் காட்டாது. அதற்கு ஆறுகாட்டியே வேண்டும்.

கி.பி. முதலாம் நூற்றாண்டிலே பெயர் அறியப்படாத கிரேக்கர் ஒருவர் எழுதிய ‘பெரிபுளூஸ்’ என்னும் நூல் இவர்தம் தொழிலை விளக்குகிறது. நருமதை ஆற்றின் முகத்துவாரத்தில் நீரோட்டம் கடுமையானது; மணற்றிட்டுகளும் பல. ஆகவே அரசனின் சேவையிலிருந்த உள்ளூர் மீனவர், ஆட்கள் நிறைந்த நீண்ட ஓடங்களிற் சௌராட்டிரக் கரைவரை எதிர்சென்று கப்பல்களைச் சந்தித்தனர். பெருக்கு நேரத்திலே அவற்றை இழுத்துச் சென்றனர். வற்று நேரத்திலே நங்கூரமிட்டுக் காத்திருந்தனர். இவ்வாறே பாருகச்சத் துறையை அடைந்தனர். அவ்வோடங்களைத் திரப்பகம், கொட்டிம்பம் என்று அந்நூல் குறிக்கிறது. ‘அங்கவிஜ்ஜா’ என்னும் பிராகிருத நூலிலும் இவற்றை ஒத்த ஓடப் பெயர்கள் உள்ளன.

இவ்வோடத்தை மீண்டும் கட்ட இயலுமா? இங்கிலாந்தின் கோர்ண்வால் கரையிலே இக்கேள்விக்கு விடை எளிது. அங்கு 1838இல் கட்டப்பட்ட ‘டிரெஃப்ரி’ என்னும் ஆறுதண்டு ஓடம் அழியாது நிற்கிறது. முப்பத்திரண்டு அடி நீளமுள்ள அவ்வோடத்தின் அளவைக் கொண்டே இன்றும் புதிய ஓடங்களைக் கட்டுகின்றனர். நமக்கோ பெயரும் தொழிலும் எஞ்சின, அளவு எஞ்சவில்லை.

ஆனால் அளவு மறைந்த இடத்திலும் கை மறையாதிருக்கலாம். சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன், கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் ஆணியால் அறையப்படாது தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. வங்கு என்னும் உட்கட்டைகள் இல்லாமையால் அலை மோதும்போது அவை வளைந்து கொடுத்தன, உடையவில்லை.

இத்தையற்கலை முற்றாக மறையாததாலேயே ‘கௌண்டின்யா’ பிறந்தது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அஜந்தா ஓவியமொன்றே அதற்கு மாதிரி. ஓவியம் வடிவத்தைக் காட்டியது, தையலைக் காட்டவில்லை. தையலை அறிந்தவர் பாபு சங்கரன் தலைமையில் வந்த கேரளக் கைவினைஞர். சென்னை ஐ.ஐ.டி. மாதிரியுருவை நீரிற் சோதித்தது. 2025 மே 21இல் கார்வாரிலே இந்தியக் கடற்படையிற் சேர்ந்த அக்கப்பல், அவ்வாண்டு டிசம்பர் 29இல் போர்பந்தரை விட்டு, 2026 சனவரி 14இல் மஸ்கத்தை அடைந்தது.

ஆறுகாட்டியின் ஓடத்துக்கும் இதுவே நெறி. நூல் தொழிலைக் கூறும்; ஆற்றின் பெருக்கும் வற்றும் தேவையை உணர்த்தும்; கைவினைஞர் கட்டும் முறையைக் காட்டுவர். இவற்றாலும் நிரம்பாத இடத்தை நாம் ஊகத்தால் நிரப்பினால், ஊகம் என்றே வெளிப்படக் கூறவேண்டும். ஊகத்துக்கு வரலாறு என்று பெயரிடுவது முன்னோருக்குச் செய்யும் மரியாதையன்று.

இளைஞர்களே! 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பற் சேவை தொடங்குமுன், நம்மவர் தோணிகளிலே வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். அத்தோணிகளின் தண்டு வலித்தவர் யார்? காட்டிலே முன்னடந்து வழிகாட்டியவர் யார்? கேட்டதைச் சொல்லக்கூடிய பாட்டன் பாட்டிமார் சிலர் இன்னும் நம் லயங்களில் இருக்கின்றனர். தைப்பவன் கை ஓய்ந்தபின் ஓடம் இல்லை. சொல்பவர் நா ஓய்ந்தபின் வரலாறும் இல்லை. இவ்விடுமுறையிலேயே ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்வோமாக.