சாவி கொடுத்த கடிகாரமும் துடிக்கும் படிகமும்

ராயப்பேட்டை வழியே செல்லும் பஸ்களில் "மணிக்கூண்டு இறங்கு!" என்ற குரலைக் கேட்டிருப்பீர்கள். மணி பார்ப்பது ஊருக்குப் பொதுவான காரியமாக இருந்த காலத்தை நினைவூட்டும் பெயர் அது. அன்று கைக்கடிகாரம் வைத்திருந்தவர் சிலரே. மற்றவர்கள் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தார்கள். அல்லது ஆலைச் சங்கொலியைக் கேட்டு நேரம் அறிந்தார்கள்.

பிறகு எல்லார் மணிக்கட்டிலும் கடிகாரம் ஏறியது. நம் நாட்டில் அதைச் செய்த பெரும் நிறுவனங்கள் இரண்டு. ஒன்று எச்.எம்.டி.; மற்றொன்று நம் ஓசூரில் தோன்றிய டைட்டன். முன்னதன் கடிகாரப் பிரிவு மூடப்பட்டுவிட்டது. பின்னது இன்றும் தழைத்து நிற்கிறது. ஏன் இந்த வேறுபாடு? விடையின் ஒரு பாதி பௌதிகத்தில் இருக்கிறது; மறு பாதி சந்தையில் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

சக்கரமும் படிகமும்

எந்தக் கடிகாரத்துக்கும் வேண்டியவை மூன்று: ஆற்றல் தரும் ஒரு பொருள், ஒரே சீராக அலையும் ஒரு பொருள், அந்த அலைவுகளை எண்ணும் ஒரு அமைப்பு. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் ஆற்றல் தருவது சுருள்வில். அலைவது ஒரு சிறு சக்கரம். மயிரிழை போன்ற மற்றொரு சுருள் அதை இப்படியும் அப்படியும் திருப்புகிறது. பற்சக்கரங்கள் அந்த அலைவுகளை எண்ணி முட்களை நகர்த்துகின்றன. பல கடிகாரங்களில் இது வினாடிக்கு ஐந்து முறை 'டிக்' என்று ஒலிக்கும். வெப்பம், எண்ணெயின் இறுகல், கையின் அசைவு எல்லாம் இதைப் பாதிக்கும். நாளொன்றுக்கு 20 வினாடி பிழை என்றால் மாதத்துக்குப் பத்து நிமிடம் ஆகிவிடுகிறது அல்லவா?

1880-இல் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுகிறது. இதன் மறுதலையும் உண்மை: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் சற்றே உருமாறும். ஆகவே தக்க மின்சுற்றில் வைத்தால் அது இடைவிடாமல் அதிரும். இந்தப் பண்பைக்கொண்டு 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசன் என்பவர் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை அமைத்தார். ஆனால் அது பெரிய பெட்டி அளவில் இருந்தது. கைக்கு அடக்கமாக அதைச் சுருக்க, சிறு சில்லில் அடங்கும் மின்னணுச் சுற்றுகள் வர வேண்டியிருந்தது.

இன்றைய குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் இசைக்கவை வடிவில் வெட்டிய சிறு படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த எண்? இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போங்கள். பதினைந்து இரண்டுகளின் பெருக்கம் சரியாக 32,768. எனவே மின்சுற்று இந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அந்தத் துடிப்பு ஒரு சின்னஞ்சிறு மோட்டாரை ஒரு படி திருப்புகிறது. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தின் பிழை மாதத்துக்குச் சுமார் 15 வினாடிதான்.

கண்டுபிடித்தவர்களே தடுமாறினர்

ஜப்பானின் சைக்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25 அன்று முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை ஒரு சிறு காரின் விலைக்குச் சமம்! ஆனால் மின்னணுப் பொருள்களின் விலை இறங்கிக்கொண்டே போகும் தன்மை உடையது. பத்தே ஆண்டுகளில் குவார்ட்ஸ் கடிகாரம் எளியோர் கைக்கும் எட்டியது.

இதில் வியப்பு என்னவென்றால், ஸ்விட்சர்லாந்தின் ஆய்வாளர்கள் 1967-இலேயே குவார்ட்ஸ் கைக்கடிகார மாதிரிகளைச் செய்துவிட்டார்கள். அறிவு இருந்தது, ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சக்கரக் கடிகாரத்தில் பெயர் பெற்றிருந்த தொழில் அதை விட்டு எளிதில் நகரவில்லை. 1970-இல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த அந்நாட்டுக் கடிகாரத் தொழில், 1980-களின் நடுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 1983-இல் வந்த 'ஸ்வாட்ச்' என்னும் மலிவான, வண்ண வண்ணமான பிளாஸ்டிக் குவார்ட்ஸ் கடிகாரம்தான் அதற்கு மறுவாழ்வு தந்தது.

பெங்களூரும் ஓசூரும்

இயந்திரங்களைச் செய்வதற்காக 1953-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 'ஜனதா', 'பைலட்' போன்ற கடிகாரங்களை உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். பரீட்சையில் தேறியதற்கும், வேலை கிடைத்ததற்கும், கல்யாணத்துக்கும் அவையே பரிசு. வெளிநாட்டுக் கடிகாரங்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்ததால் பெரிய போட்டியும் இல்லை. அயல்நாட்டுக் கடிகாரம் வேண்டியவர்கள் பர்மா பஜாரில் தேடினார்கள்.

எச்.எம்.டி.க்குக் குவார்ட்ஸ் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். 1980-களின் தொடக்கத்திலேயே அது குவார்ட்ஸ் கடிகாரங்களையும் செய்தது. ஆனால் அதன் ஆலைகள், இயந்திரங்கள், தொழிலாளரின் கைத்திறன் யாவும் நுண்ணிய சக்கரங்களைச் செய்வதற்காக அமைந்தவை. செய்ததெல்லாம் விற்றுப்போகும்போது, வழியை மாற்று என்று யார் சொல்வார்?

அந்த இடத்தில்தான் டைட்டன் நுழைந்தது. டாட்டா நிறுவனமும், டிட்கோ என்னும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-இல் இதை நிறுவின. அன்று தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் ஆலை எழுந்தது. தலைமை வகித்த ஜெர்க்சஸ் தேசாய் குவார்ட்ஸையே முதன்மை வழியாகக் கொண்டார். அதோடு மற்றொன்றையும் கவனித்தார். குவார்ட்ஸ் வந்தபின் எல்லாக் கடிகாரமும் சரியான நேரம் காட்டும். பிறகு வாங்குபவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்? அழகைத்தான். எனவே பல வடிவங்கள், துணிக்கடை போன்ற ஒளிமிக்க காட்சியறைகள், விளம்பரத்தில் மோட்சார்ட்டின் இசை எனப் புதுவழி கண்டது டைட்டன்.

1991-க்குப்பின் பொருளாதாரக் கதவுகள் திறந்தன; போட்டி பெருகியது; எச்.எம்.டி. நஷ்டத்தில் ஆழ்ந்தது. 2016 ஜனவரியில் அதன் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. மயிரிழைச் சுருளைக் கண்ணாலும் விரலாலும் சீர்செய்யக் கற்ற பலரின் திறமைக்கு வேலை இல்லாமற் போயிற்று. லாபநஷ்டக் கணக்கில் வராத இழப்பு இது.

உரைகல்லுக்குப் பதில் எக்ஸ்-கதிர்

டைட்டனும் சறுக்காமல் இல்லை. 1990-களில் ஐரோப்பியச் சந்தையில் நுழைந்து நஷ்டப்பட்டது. கடிகார உறுப்புகளை இறக்குமதி செய்ய அன்னியச் செலாவணி தேவைப்பட்டதால், நகை செய்து ஏற்றுமதி செய்யலாம் என்று திட்டமிட்டது. அதுவும் எண்ணியபடி நடக்கவில்லை. உடனே உள்நாட்டுப் பக்கம் திரும்பி, 1996-இல் ராயப்பேட்டைக்கு அருகே கதீட்ரல் சாலையில் 'தனிஷ்க்' நகைக்கடையைத் திறந்தது. முதலில் 18 காரட் நகைகளை வைத்தது. நம்மவர்களோ 22 காரட், அதாவது 91.6 விழுக்காடு தங்கம் இருந்தால்தான் நகை என்பார்கள்! அதற்கும் தன்னை மாற்றிக்கொண்டது.

இங்கே மறுபடி பௌதிகம் கைகொடுத்தது. எக்ஸ்-கதிர் ஓர் அணுவின் உள்வட்ட எலெக்ட்ரானை வெளியேற்றினால், வெளிவட்ட எலெக்ட்ரான் அவ்விடத்தை நிரப்பும். அப்போது அந்தத் தனிமத்துக்கே உரிய எக்ஸ்-கதிர் வெளிப்படும். இந்த ஒழுங்கை 1913-இல் காட்டியவர் ஹென்றி மோஸ்லி. தங்கம், செம்பு, வெள்ளி ஒவ்வொன்றுக்கும் தனிக் 'கையெழுத்து' உண்டு. இந்த முறையில் இயங்கும் கருவியைக் கடையிலேயே வைத்து, நகையை உருக்காமல் சில நிமிடங்களில் மாற்று அளந்து காட்டினார்கள். தங்கள் பழைய நகைகளில் சொன்ன அளவு தங்கம் இல்லை என்று பலர் அறிந்தனர். இன்று டைட்டனின் வருவாயில் பெரும்பகுதி நகையிலிருந்து வருகிறது.

இப்போது செல்போனே மணி காட்டுகிறது. கடிகாரத்துக்கு அடுத்த சோதனை தொடங்கிவிட்டது. ஒரு நிறுவனம் தான் செய்யும் பொருளைத் தன் தொழில் என்று எண்ணுகிறதா, அல்லது அப்பொருளால் மக்கள் பெறும் பயனைத் தன் தொழில் என்று எண்ணுகிறதா? நாளை நீங்கள் ஒரு தொழிற்சாலையில் பொறுப்பேற்கக்கூடும். அன்று இந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் கேளுங்கள்: தொழில்நுட்பம் மாறும்போது, பழைய திறனில் வாழ்ந்தவர்களுக்குப் புதிய திறனைக் கற்றுத்தர நாம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?