உவர்நிலத்தில் உப்புப்புதர்

மேற்கு ஆஸ்திரேலியாவில் வீட்பெல்ட் எனப்படும் கோதுமைப் பிரதேசத்தில் பத்து லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் உவராகிக் கிடக்கிறது. கடல்நீர் புகுந்ததாலோ, பாசனம் மிகுந்ததாலோ நேர்ந்ததல்ல இது. காட்டை அழித்ததன் விளைவு.

மழையோடு கடலிலிருந்து வந்த உப்பு பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே மண்ணின் ஆழத்தில் சேர்ந்திருந்தது. ஆழ வேரோடிய யூக்கலிப்டஸ் மரங்களும் புதர்களும் மழைநீரில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டதால் அது மேலே வரவில்லை. கோதுமைக்காக அவை வெட்டப்பட்டன. கோதுமையின் வேருக்கு அந்த ஆழமில்லை. அறுவடை முடிந்தால் கோடை முழுதும் வயல் வெறுமை. மிஞ்சிய நீர் கீழிறங்க, நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. உப்பும் உடன் ஏறியது. ரயில்வே பொறியாளரான டபிள்யூ. ஈ. வுட் 1924இலேயே இக்காரணத்தை எழுதினார். ஆனால் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் காடழிப்பு தொடர்ந்தது.

இந்நிலங்களில் நடப்படும் செடிகளுள் முக்கியமானது 'ஓல்டு மேன் சால்ட்புஷ்'. தாவரவியல் பெயர் அட்ரிப்ளெக்ஸ் நம்முலேரியா. ஆஸ்திரேலிய உள்நாட்டுக்கே உரியது. நமது தண்டுக்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர் வழியே ஏறும் உப்பை, இலைமேல் உள்ள நுண்ணிய பைகளில் ஒதுக்கிவைக்கிறது. இலைகளின் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு இப்பைகளே காரணம்.

கோடை முடிந்து மழை தொடங்குமுன் வரும் தீவனப் பஞ்சத்தில் ஆடுகளுக்குப் பச்சையாகக் கிடைப்பது இதுதான். புரதமும் வைட்டமின் ஈ சத்தும் உண்டு. ஆயினும் உலர்ந்த இலையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உப்பு. எனவே வைக்கோலோ கோதுமைத்தாளோ சேர்த்துத் தரவேண்டும். நல்ல தண்ணீரும் தாராளமாக வேண்டும். எளிதில் செரிக்கக்கூடிய, ஆடுகள் விரும்பித் தின்கிற செடிகளைத் தேர்ந்தெடுத்து 'அனமேகா' என்னும் ரகத்தை சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் உருவாக்கினர். 2010களின் நடுவில் இது விவசாயிகளுக்குக் கிடைக்கத் தொடங்கியது.

இச்செடி மண்ணின் உப்பை உறிஞ்சி நிலத்தைச் சுத்தமாக்கிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மண்ணில் உள்ள உப்போடு ஒப்பிட்டால் இலையில் சேர்வது அற்பம். அதிலும் பெரும்பகுதி மேயும் ஆடுகளின் சிறுநீர் வழியே திரும்ப மண்ணுக்கே போகிறது. இச்செடியின் உண்மையான பயன் வேறு. ஆண்டு முழுவதும் வேர்கள் நீரை உறிஞ்சுவதால் நீர்மட்டம் சற்றுத் தாழக்கூடும். அப்படித் தாழ்ந்த இடத்தில் மழை மேல்மண்ணின் உப்பைக் கீழே கழுவிவிட, வரிசைகளுக்கு இடையே புல்லும் தீவனப் பயறுகளும் முளைக்கும்.

எல்லா உவர்நிலத்துக்கும் இது பொருந்தாது. நீர் தேங்கி உப்புப் பூத்த இடங்களில் இதுவும் மடியும்; அங்கே நிற்பவை நம் கடலோர உமரிக்கு உறவான செடிகளே. மிதமான உவர்நிலத்தில்கூட உப்புப்புதர் தருவது மேய்ச்சல் நிலத்தைத்தான். பழைய கோதுமை வயலை அல்ல. காட்டை வெட்டுவது சில பருவங்களின் வேலை. உப்பைத் திரும்பக் கீழே அனுப்புவதோ தலைமுறைகளுக்கான வேலை.