கொட்ட மனசு வராத கலவை

முட்டையின் வெள்ளைக்கருவை அடுப்பில் வைத்தால் ஆவியாகாது. கெட்டிப்படும், விட்டால் கருகும். வேதியியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் தலைவலி கொடுத்த விஷயம் இதுதான். நிறை நிறமாலைமானி ஒரு மூலக்கூறை எடைபோட வேண்டுமானால், அது வெற்றிடத்தில் தனியாகப் பறக்க வேண்டும், மேலே மின்னேற்றமும் இருக்க வேண்டும். பழைய முறையில் சேர்மத்தை ஆவியாக்கி, 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களால் அடிப்பார்கள். சின்னச் சின்ன கரிமச் சேர்மங்களுக்கு அது போதும். புரதமோ ஆவியாவதற்குள் சிதைந்துவிடும்.

1985 பிப்ரவரி. கியோட்டோவில் ஷிமாட்சு நிறுவனத்தில் கொய்ச்சி தனாகா என்ற இளம் பொறியாளர் லேசரை வைத்து இதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார். படித்தது மின்பொறியியல்; முனைவர் பட்டமெல்லாம் கிடையாது. மிக நுண்ணிய கோபால்ட் தூளில் அசிட்டோன் ஊற்ற வேண்டிய இடத்தில் கிளிசரினை ஊற்றிவிட்டார். தூள் விலை அதிகம், கொட்ட மனசு வரவில்லை. கிளிசரின் சீக்கிரம் காயட்டும் என்று வெற்றிடத்தில் வைத்து லேசரை அடித்துக்கொண்டே இருந்தார். சும்மா இருக்காமல் அளவீட்டையும் பார்த்தார் பாருங்கள், அதுதான் விஷயம்! வைட்டமின் பி12 உடையாமல் அயனியாக வந்திருந்தது. லேசரின் ஆற்றலைத் தூளும் கிளிசரினும் வாங்கிக்கொள்ள, மூலக்கூறு முழுசாகக் கிளம்பிவிட்டது. 1987க்குள் புரதங்களும் அப்படியே பறந்தன.

2002இல் நோபல் பரிசு. பாதி கர்ட் வுத்ரிச்சுக்கு, கால்பங்கு தனாகாவுக்கு, இன்னொரு கால்பங்கு ஜான் ஃபென்னுக்கு. ஃபென் வழி வேறு: கரைசலை மின்னழுத்தம் கொடுத்த ஊசிமுனையில் தெளித்து, துளி வற்ற வற்ற மின்னேற்றத்தை மூலக்கூறின் மேல் ஏற்றிவிடுவது.

எனக்கு இடிக்கிற இடம் இதற்கப்புறம்தான். ஜெர்மனியில் மிஷேல் கராஸும் ஃபிரான்ஸ் ஹில்லன்காம்ப்பும் 1985லேயே, லேசர் ஒளியை உறிஞ்சும் கரிமப் பொருளோடு மாதிரியைக் கலக்கும் முறையை வெளியிட்டிருந்தார்கள். ‘மால்டி’ என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் முறை அது. 1988இல் அவர்களும் புரதங்களைப் பறக்கவிட்டார்கள். பெரிய புரதத்தை முதலில் காட்டியவர் தனாகா என்பது பரிசுக்குழுவின் கணக்கு, அதில் தப்பில்லை. ஆனால் ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பிரிக்கக்கூடாது என்ற விதி இருக்கிறதே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இன்று மருத்துவமனை ஆய்வகங்களில் நிமிஷக் கணக்கில் பாக்டீரியாவை அடையாளம் காட்டும் கருவிகளின் தட்டில் கோபால்டும் இல்லை, கிளிசரினும் இல்லை. ஜெர்மன்காரர்கள் காட்டிய வழியில், கரிம அமிலப் படிகம்தான் இருக்கிறது.