கொல்லாமை விதி (திருவிதாங்கூர்)

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பத்மநாபசுவாமி கோயிலில் ஆறாண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறைஜபம் என்ற வேதம் ஓதும் சடங்கு, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729–1758) தம் போர்களில் மாண்ட உயிர்களுக்குக் கழுவாயாகத் தொடங்கியது என்பது மரபு. கொலை பாவம் என்ற பழைய விதியை அரசு மறுக்கவில்லை. கொன்றபின் பரிகாரம் தேடியது. அதே அரசில் பிராமணருக்கு மரண தண்டனை கிடையாது, மற்ற சாதியினர் தூக்கிலேறினர். விதி சாதி பார்த்தே உயிர் காத்தது என்பதை மழுப்ப இயலாது. 1944இல் மன்னர் சித்திரைத் திருநாள் மரண தண்டனையையே நீக்கியபோது அந்தக் காப்பு எல்லோருக்கும் விரிந்தது. பழைய கட்டளைக்கு இக்காலத்தில் பொருள்கொள்ள நேர்மையான வழி இதுவே.

தண்டிப்பது அரசனின் கடமை என்று சாத்திரம் சொல்வதால், இந்த நீக்கம் மரபை மீறியது என்பர். பிராமணருக்கு விலக்குத் தந்ததும் அதே சாத்திரம்தான். ஒருவருக்குத் தந்த விலக்கைப் பொதுவாக்குவதில் மீறல் ஏதுமில்லை. இன்னொரு மறுப்பு கனமானது: 1946 அக்டோபரில் புன்னப்புரா-வயலாரில் அதே அரசின் படை தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. சீர்திருத்தம் நீதிமன்ற வாசலோடு நின்றுவிட்டதற்கு அது சான்று. சீர்திருத்தமே தவறு என்பதற்கு அல்ல. ஆனால் அந்தச் சீர்திருத்தம் நிலைக்கவில்லை: இந்திய ஒன்றியத்தின் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் மரண தண்டனை இங்கு மீண்டது.