பாளையக்காரர் புரட்சி, 1799–1801

மதுரை பழங்காநத்தத்திலிருந்து தெற்கே போகும் சாலையைப் பிடித்தால் திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி தாண்டிக் கயத்தாறு வந்துவிடும். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். பழங்காநத்தத்தின் பெயரிலேயே அந்தக் கதையின் நூல்முனை ஒன்று ஒட்டியிருக்கிறது. 'நத்தம்' என்பது வருவாய்க் கணக்கில் இன்றும் புழங்கும் சொல். ஊரார் வீடு கட்டிக் குடியிருக்கும் நிலம், விளைநிலத்துக்குரிய தீர்வை விழாத மனை. நத்தத்தைத் தாண்டிக் கால் வைத்தால் ஒவ்வொரு காணிக்கும் ஒருவர் வரி கேட்டார். கேட்கும் உரிமை யாருக்கு என்ற தகராறு முற்றியதுதான் பாளையக்காரர் புரட்சி. 1799இல் பாஞ்சாலங்குறிச்சியிலும் 1801இல் தென்னாடு முழுவதிலுமாக இரு கட்டங்களாக நடந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் வெற்றியில் முடிந்தது.

பாளையம் நாயக்கர் கால ஏற்பாடு. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் மதுரை அரசை 72 பாளையங்களாகப் பிரித்ததாகவும், மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களை ஆளுக்கொன்றாகக் காக்கும் பொறுப்பைப் பாளையக்காரர்களிடம் விட்டதாகவும் மரபு சொல்கிறது. வரி வாங்குவதும் வழக்குத் தீர்ப்பதும் படை வைத்திருப்பதும் அவர்கள் வேலை. ஊர்க்காவலும் அவர்கள் கையில்தான். காவலுக்கென்று ஊரார் தனியாக நெல்லோ பணமோ அளந்தார்கள்.

1736இல் நாயக்கர் ஆட்சி முடிந்தபின் ஆற்காட்டு நவாப் இந்த வரிக்கு உரிமை கோரினார். நவாப் முகமது அலிக்குப் போர் நடத்தக் கம்பெனிப் படை வேண்டியிருந்தது. படைச் செலவுக்குக் கடன். கடனை அடைக்க வரி வசூலை எழுதிக் கொடுப்பது. இந்தச் சுழலில் சிக்கிய நவாபின் அதிகாரம் சரிய நாற்பது ஆண்டு பிடித்தது. 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களிடம் நேரடியாகப் பேஷ்குஷ் (கப்பம்) வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போனது. அதுவரை நவாபுக்குக் கப்பத்தை இழுத்தடிப்பது பாளையக்காரர்களுக்குக் கைவந்த கலை. பேரம் பேசலாம், பஞ்சம் என்று சொல்லலாம், படை வந்தால் பாதியைக் கட்டலாம். கலெக்டரின் பேரேட்டில் அப்படிப்பட்ட நெகிழ்வு கிடையாது.

அதே காலத்தில் உலகின் வேறு மூலைகளிலும் கஜானாக் கணக்குதான் அரசுகளை ஆட்டிக்கொண்டிருந்தது. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்டது இதே கம்பெனியின் தேயிலை. பிரான்சின் பதினாறாம் லூயி 1789இல் மூன்று வகுப்பாரின் சபையைக் கூட்டியது கஜானா காலியானதால்தான். 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ், பிறகு கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து 1793இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அந்தத் திட்டம் பின்னால் மதுரைச் சீமைக்கும் வந்து சேரும்.

முதல் கட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம்; சினிமா பார்த்தவர்களுக்குத் தெரிந்த கதை. வரிப் பாக்கிக்காகப் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனை அலைக்கழித்த கலெக்டர் ஜாக்சன், 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்தபோது கைகலப்பு மூண்டு லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். விசாரித்த சென்னை அரசு ஜாக்சனைத்தான் பதவியிலிருந்து நீக்கியது. ஆனாலும் பகை ஆறவில்லை. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். தப்பிய கட்டபொம்மன் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களிடம் பிடிபட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

இரண்டாம் கட்டம்தான் ஆழமானது. 1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களில் மறுபடி எழுப்பியிருந்தார்கள். மே 24 அன்று அதுவும் விழ, ஊமைத்துரை சிவகங்கைக்குப் போய், அதை ஆண்டுவந்த மருது சகோதரர்களுடன் சேர்ந்தார். திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சி கோபால நாயக்கர் ஏற்கெனவே கூட்டணி கட்டிக்கொண்டிருந்தார். 1772இல் கணவரை இழந்து ஓடிவந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியாருக்கு இடம் கொடுத்த பாளையம் அது. மதுரைப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் கே. இராஜய்யன் 1971இல் எழுதிய நூலில் இதைத் தென்னிந்தியக் கிளர்ச்சி என்றே குறிப்பிட்டார். தனித்தனிப் பாளையங்களின் சண்டை என்று இருந்த பார்வையை அது மாற்றியது.

1801 ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் சின்ன மருதுவின் பெயரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டு, நவாப் ஏமாந்ததால் நாடு ஐரோப்பியர் கைக்குப் போனது என்று குற்றம் சாட்டியது அது. கம்பெனிப் படையில் இருந்த சிப்பாய்களுக்கும் அழைப்பு விடுத்தது. பேஷ்குஷ் சண்டையாகத் தொடங்கியது இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு அகலமாகிவிட்டது.

அகலம் இருந்தது, ஒற்றுமை இல்லை. தொண்டைமானும் எட்டயபுரமும் கம்பெனி பக்கம் நின்றன. சிவகங்கைக்குள்ளேயே படமாத்தூர் கௌரி வல்லபரை உரிமை வாரிசு என்று அறிவித்துக் கர்னல் அக்னியூ ஆதரவைப் பிளந்தார். பீரங்கியைவிட இந்த அறிவிப்பு அதிகம் சாதித்தது என்று சொல்லத் தோன்றுகிறது. காடு வெட்டிப் பாதை போட்டுக் களைத்த கம்பெனிப் படை அக்டோபர் 1 அன்று காளையார்கோவிலைப் பிடித்தது. மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரிலும், ஊமைத்துரை நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி உட்பட 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

அந்தப் போரில் கம்பெனிப் பக்கம் சண்டையிட்ட ஜேம்ஸ் வெல்ஷ், முன்பு சின்ன மருதுவிடமே ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர். 1818இல் பினாங்கில் துரைசாமியை மறுபடி பார்த்ததைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். உடைந்துபோய் முதுமை தட்டிய தோற்றம். அப்போது துரைசாமிக்கு முப்பதைச் சற்றுத் தாண்டிய வயதுதான்.

சண்டை முடியும் முன்பே, 1801 ஜூலை 31 உடன்படிக்கையில் கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்கு வந்து, நவாப் உதவித்தொகை வாங்குபவரானார். டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கத் தடை விதித்தார். கோட்டைகள் தரைமட்டமாயின. 1803இல் எஞ்சியவர்களுக்கு நிரந்தர நிலவரிச் சன்னது (உரிமைப் பத்திரம்) கொடுத்தார்கள். பாளையக்காரர் அன்றிலிருந்து ஜமீன்தார். வாளும் காவலும் போய், கிஸ்தி கட்டும் கடமை மட்டும் மிஞ்சியது. சண்டை போட முடியாதவர்கள் வழக்குப் போட்டார்கள். கௌரி வல்லபர் இறந்தபின் சிவகங்கை ஜமீன் யாருக்கு என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863இல் அவர் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக முடிந்தது. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்துச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. ஜமீன்களே ஒழிந்தது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால்.

காவலை இழந்தவர்கள் கதை இன்னும் கசப்பானது. காவல் கூலி வாங்கி வாழ்ந்த மதுரை மேற்குப் பகுதிக் கள்ளர்களைப் போலீஸ் ஆட்சி குற்றவாளிகளாகவே பார்த்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. நேர்க்கோடு போட்டு 1801இலிருந்து அங்கே போய்விட முடியாது. ஆனால் காவல் முறை கலைந்ததைச் சொல்லாமல் அந்த ஊரின் கதையைத் தொடங்கவும் முடியாது.

1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'சிவகங்கைச் சீமை' என்று இரண்டு படங்கள் ஒரே ஆண்டில் வெளிவந்தன. ஊமைத்துரையும் மருதுவும் ஒரே களத்தில் நின்றார்கள், திரையில் போட்டியாளர்களானார்கள். இப்போது அக்டோபர் கடைசி வாரத்தில் காளையார்கோவிலில் மருது சகோதரர் குருபூஜைக்கு மதுரையிலிருந்து வண்டிகள் கிளம்புகின்றன. வழியெங்கும் போலீஸ் நிற்கிறது. எந்தச் சாதி எந்த வழியாகப் போகலாம் என்ற கவலையோடு அனுமதிச் சீட்டு பார்க்கிறார்கள்.