மெல்லிய வளியில் விரைபொருள் மீதான விசைகள்

வளிமண்டல உச்சியில் ஒலியைவிடப் பல மடங்கு விரைந்து செல்லும் பொருளின் மீது காற்று செலுத்தும் விசைகள் இரண்டு: இழுவையும் ஏற்றமும். கடல்மட்டத்தில், வங்கக் கடலோர மரக்காணத்தின் உப்பளப் பாத்திகளின் மேல், மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நகர்வதற்குள் ஒரு காற்று மூலக்கூறு இன்னொன்றில் மோதிவிடும். ஆகவே காற்று நீர்போல் தொடர்ச்சியாக ஒழுகும். 100 கி.மீ. உயரத்தில் அந்தத் தூரம் 10 செ.மீ. அளவுக்கு நீள்கிறது, அடர்த்தியோ 20 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்னும் மேலே மூலக்கூறுகள் தனித்தனியே வந்து அறைகின்றன. ஏற்றம் ஏறத்தாழ மறைகிறது, இழுவையே மிஞ்சுகிறது. விமான இறக்கைக்கான கணக்கு அங்கே செல்லாது. மோதலிடைத் தூரத்தைப் பொருளின் அளவால் வகுத்துவரும் நுட்சன் எண்ணே வழிகாட்டி.

மெல்லிய காற்றுதானே என்று விட்டுவிட முடியாது. விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. மரக்காணத்தைத் தொடும் இதே வங்கக் கடலில்தான் இந்தியா ஒரு விண்கலத்தைத் திரும்ப இறக்கி அந்த விசையைச் சோதித்தது. 2007 ஜனவரி 10 அன்று பிஎஸ்எல்வி-சி7 ஏவூர்தி ஏற்றிச்சென்ற 550 கிலோ எடையுள்ள எஸ்ஆர்இ-1 கலம், ஜனவரி 22 அன்று நொடிக்குச் சுமார் 8 கி.மீ. வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைந்தது. சிலிக்கா ஓடுகள் வெப்பத்தைத் தாங்கின. வேகத்தின் பெரும்பகுதியைக் காற்றே தின்றது. எஞ்சியதைப் பாராசூட்டுகள் தணித்தன. ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில் கலம் கடலில் இறங்கியது.