மிஷன் கப்பல்கள்

ஆபரேஷன் மொபிலைசேஷன் (சுருக்கமாக ஓ.எம்.) என்னும் கிறிஸ்தவ மிஷனெரி இயக்கம் 1971 முதல் நடத்திவரும் புத்தகக் கப்பல்களே பொதுவாக மிஷன் கப்பல்கள் என்று அறியப்படுகின்றன. லோகோஸ், டூலோஸ், லோகோஸ் 2, லோகோஸ் ஹோப், டூலோஸ் ஹோப் ஆகியவை இதுவரை பணியில் இருந்த, இருக்கிற கப்பல்கள். இவற்றில் ஏறும் தன்னார்வலர் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ சம்பளம் இல்லாமல் உழைக்கிறார். அந்தக் காலத்துக்குள் பல நாடுகளின் துறைமுகங்களில் இறங்கி ஊழியம் செய்துவிட்டு ஊர் திரும்புகிறார். ஒரே நாட்டில் குடியேறி, அதன் மொழியைக் கற்று, அங்கேயே மண்ணாகிப்போன பழைய மிஷனெரிகளின் வழி வேறு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய குறுகிய கால ஊழியத்தின் பலமும் பலவீனமும் இந்தக் கப்பல்களில் தெளிவாகத் தெரியும். சென்னை, கொச்சி, கொழும்பு துறைமுகங்களுக்கும் இவை வந்து போயிருப்பதால், கப்பலேறிப் புத்தகம் வாங்கிய அனுபவம் தமிழர் பலருக்கு உண்டு.

தோற்றம்

இயக்கத்தின் நிறுவனர் ஜார்ஜ் வெர்வர் (1938–2023) அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வளர்ந்தவர். அவர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அக்கம்பக்கத்தில் வாழ்ந்த ஓர் அம்மையார் அவருக்காகத் தொடர்ந்து ஜெபித்து, யோவான் சுவிசேஷப் பிரதி ஒன்றை அனுப்பிவைத்தார். 1955இல் நியூயார்க்கில் நடந்த பில்லி கிரகாம் கூட்டத்தில் வெர்வர் மனந்திரும்பினார். 1957 கோடை விடுமுறையில் கல்லூரி நண்பர்கள் இருவருடன் பழைய லாரி ஒன்றில் ஸ்பானிய மொழிச் சிறுநூல்களை ஏற்றிக்கொண்டு மெக்சிகோவுக்குப் போனார். ஓ.எம். தன் தொடக்கமாகக் கருதுவது இந்தப் பயணத்தைத்தான். பிற்காலத்தில் உலக வரைபடம் அச்சிட்ட மேலங்கியை அணிந்து, கையில் பெரிய பூகோள உருண்டையுடன் அவர் மேடையேறுவதை இந்தியாவிலும் பலர் பார்த்திருக்கிறார்கள்.

1960களில் இயக்கம் ஐரோப்பாவில் வேரூன்றியது. கோடைதோறும் மாணவர்கள் பழைய வேன்களில் கிளம்பி ஊர் ஊராகப் புத்தகம் விற்றார்கள், தெருமுனைகளில் பேசினார்கள், கோயில் மண்டபங்களின் தரையில் படுத்து உறங்கினார்கள். அடுத்த கட்டமாக அந்த வண்டிகள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியா வரை வந்தன. இதே காலத்தில் லாரன் கன்னிங்ஹாம் 1960இல் தொடங்கிய 'யூத் வித் எ மிஷன்' இயக்கமும் இளைஞர்களைச் சில மாத ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மிஷனெரி ஆவதற்கு இறையியல் பட்டமும் வாழ்நாள் ஒப்பந்தமும் வேண்டும் என்ற எண்ணத்தை இந்த இரு இயக்கங்களும் உடைத்தன. அது பெரிய மாற்றம். இருபது வயதுப் பெண் ஒருத்தி ஓராண்டை மட்டும் கொடுக்க முன்வந்தாலும் அவளுக்கு ஓர் இடம் உண்டு என்று ஆனது.

ஆட்களையும் புத்தகங்களையும் லாரியில் ஏற்றிப் பாலைவனமும் மலைப்பாதையும் கடப்பதில் ஓர் அளவுக்கு மேல் போக முடியாது. கப்பல் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம், தங்குமிடத்தையும் கூடவே கொண்டுபோகலாம் என்ற எண்ணம் அந்த நெருக்கடியில் பிறந்தது. கையில் பணம் இல்லாத ஓர் இளைஞர் இயக்கம் கடற்கப்பல் வாங்கப் பேசியபோது, சபைத் தலைவர்கள் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லோகோஸ்

1970இல் வாங்கப்பட்ட முதல் கப்பல், உமனாக் என்ற பெயரில் ஓடிய டென்மார்க்குக் கப்பல். கட்டப்பட்ட ஆண்டு 1949. 1971 பிப்ரவரியில் லண்டனிலிருந்து லோகோஸ் புறப்பட்டது. 1967 அரபு–இஸ்ரேல் போருக்குப் பின் சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்ததால், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் இந்தியா வர முடிந்தது. தென்சீனக் கடலில் படகுகளில் தத்தளித்த வியட்நாம் அகதிகளை 1980இல் இந்தக் கப்பல் ஏற்றிக்கொண்டது. அவர்களைக் கரையிறக்க இசையும் நாட்டைத் தேடி நெடுநாள் அலைய வேண்டியிருந்தது.

1988 ஜனவரி 4 இரவு, தென்னமெரிக்காவின் தென்கோடியில் பீகிள் கால்வாயில் லோகோஸ் பாறையில் மோதித் தரைதட்டியது. குழந்தைகள் உட்பட எல்லோரும் உயிர்காப்புப் படகுகளில் இறங்கிப் பிழைத்தார்கள். வாராவாரம் சலிப்போடு செய்துவந்த படகு ஒத்திகை, குளிரடித்த அந்த இரவில் கைகொடுத்தது. கப்பல் மட்டும் அங்கேயே கிடந்துவிட்டது. 1990இல் பணிக்கு வந்த லோகோஸ் 2, 2008 வரை ஓடியது.

டூலோஸ்

இந்தக் கப்பல்களில் தனி வரலாறு உடையது டூலோஸ். டைட்டானிக் மூழ்கி இரண்டே ஆண்டுகளில், 1914இல், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து நியூபோர்ட் நியூஸ் தளத்தில் மெதினா என்ற சரக்குக் கப்பலாக இது கட்டப்பட்டது. இரண்டு உலகப் போர்களையும் கண்டது. போருக்குப் பின் ரோமா என்ற பெயரில் பயணிக் கப்பலாகி, 1950 கத்தோலிக்கப் புனித ஆண்டுக்கு ரோமுக்குச் சென்ற யாத்திரிகர்களை ஏற்றியது. பிறகு இத்தாலியின் கோஸ்டா நிறுவனத்திடம் பிராங்கா சி. என்ற பெயரில் உல்லாசக் கப்பலாக ஓடியது. நீராவி எந்திரத்தைக் கழற்றி டீசல் எந்திரம் பொருத்தியது அப்போதுதான். 1977இல் ஓ.எம். வாங்கியபோது அதன் வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போய்வந்தது. கடலோடும் பயணிக் கப்பல்களில் உலகிலேயே மிகப் பழையது என்று கின்னஸ் பதிவிலும் இடம்பெற்றது.

அந்த வயதுள்ள கப்பலை ஓடவைத்தவர்கள் எந்திர அறையில் வேலை செய்தவர்கள். மேல்தளத்தில் புத்தகக் கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போது, கீழே எண்ணெய்ப் புகையிலும் கொதிக்கும் வெப்பத்திலும் பொறியாளர்கள் கடையில் கிடைக்காத உதிரிப் பாகங்களைத் தாங்களே கடைந்து பொருத்துவார்கள். பார்க்க வருபவர் எவர் கண்ணிலும் படாத இந்த வேலைதான் கப்பல் ஊழியத்தின் பெரும்பங்கு.

1991 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸின் சம்போவங்கா நகரில் டூலோஸ் குழுவினர் நடத்திய நிகழ்ச்சியில் கையெறிகுண்டு வீசப்பட்டது. தன்னார்வலர்களான இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள், பலர் காயமுற்றார்கள். மிஷன் பயணத்தை விடுமுறைச் சுற்றுலா போல் விளம்பரப்படுத்தும் சபைகள் இந்த நிகழ்ச்சியை இளைஞர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

2010இல் நடைமுறைக்கு வந்த கடற்பாதுகாப்பு விதிகளும் செப்பனிடும் செலவும் சேர்ந்து டூலோஸை நிறுத்தின. 2009 இறுதியில் சிங்கப்பூரில் அதன் ஊழியம் முடிந்தது. சிங்கப்பூர்த் தொழிலதிபர் எரிக் சா அதை உடைக்கவிடாமல் வாங்கினார். இந்தோனேசியாவின் பிந்தான் தீவில், கரையில் ஏற்றப்பட்டு, 2019 முதல் அது தங்கும் விடுதியாக இருக்கிறது.

துறைமுகத்தில்

இன்று ஓடும் பெரிய கப்பல் லோகோஸ் ஹோப். 1973இல் குஸ்தாவ் வாசா என்ற வாகனப் படகுக் கப்பலாகப் பிறந்து, பின் பரோ தீவுகளின் நொரோனாவாக ஓடியது. 2004இல் வாங்கி, மாற்றிக் கட்டவே ஐந்து ஆண்டுகள் ஆயின. 2009இல் பணிக்கு வந்தது. கார்கள் நின்ற தளத்தில் இப்போது சுமார் 5,000 தலைப்புகளில் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த சுமார் 400 பேர் அதில் வாழ்கிறார்கள்.

கப்பல் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சிறு குழு ஒன்று அந்த ஊருக்குப் போய்விடுகிறது. கப்பல் நிற்க இடம், சுங்க அனுமதி, விசா, குடிநீர், காய்கறி, பள்ளிகளுக்கும் சபைகளுக்கும் அழைப்பு என எல்லாவற்றையும் அந்த நாலைந்து பேர் உள்ளூர்ச் சபையாரோடு அலைந்து ஏற்பாடு செய்கிறார்கள். எந்தத் துறைமுகத்திலும் ஊழியம் நன்றாக நடந்ததா என்பது, கப்பல் நங்கூரமிடும் முன்பே இவர்கள் கையில் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

புத்தகங்களின் விலைச்சீட்டில் எந்த நாட்டு நாணயமும் இருக்காது. 'யூனிட்' என்ற எண் மட்டும் இருக்கும். கண்காட்சி வாசலில் பலகை ஒன்று, இத்தனை யூனிட்டுக்கு உள்ளூர்ப் பணம் இவ்வளவு என்று காட்டும். அடுத்த நாட்டில் பலகையை மாற்றினால் போதும், ஆயிரக்கணக்கான புத்தகங்களில் மறுபடி சீட்டு ஒட்டவேண்டாம். அகராதி, சமையல், மருத்துவம், சிறுவர் கதை என்று பொதுநூல்கள் நிறைய இருக்கும். வேதாகமமும் கிறிஸ்தவ நூல்களும் அவற்றோடு இருக்கும். நூலகமோ நல்ல புத்தகக் கடையோ இல்லாத தீவுகளிலும் ஆப்பிரிக்கக் கடற்கரை நகரங்களிலும் இந்தக் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் கிறிஸ்தவ ஆர்வத்தால் வருபவர்கள் அல்லர். பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டி வருபவர்கள். அவர்களிடம், இது கிறிஸ்தவக் கப்பல் என்பதை ஒளிக்காமல் சொல்வது அவசியம். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் மிஷனெரிப் பணிக்குத் தனி விசா உண்டு. சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கிக்க இடமில்லை.

கண்காட்சிக்கு அப்பால் சிறு குழுக்கள் ஊருக்குள் போகின்றன. மருத்துவமனை, சிறைச்சாலை, பள்ளி, கிராமத்துச் சபை, சில இடங்களில் கண் பரிசோதனை முகாம், குடிநீர் வடிகட்டி பொருத்தும் வேலை என்று அந்தந்த ஊர் கேட்பதைச் செய்கின்றன.

ஏறுபவர்கள்

தன்னார்வலருக்குக் கப்பல் சம்பளம் தருவதில்லை, கப்டனுக்கும் அப்படியே. சாப்பாடு, படுக்கை, காப்பீடு ஆகியவற்றுக்கான மாதத் தொகையை அவரவர் வீட்டுச் சபையும் நண்பர்களும் தாங்குகிறார்கள். ஐரோப்பியருக்கு எளிதாக இருக்கும் இந்த ஏற்பாடு, சிறு சபையிலிருந்து வரும் ஆசிய, ஆப்பிரிக்க இளைஞர்களுக்குக் கடினம். வேறு இடத்திலிருந்து வரும் உதவித்தொகை அதை ஓரளவு ஈடுகட்டுகிறது.

ஏறியவுடன் தீயணைப்பும் படகு இறக்குவதும் கற்றுத்தரப்படும். பிறகு வேலை. பொறியாளருக்கும் செவிலியருக்கும் அவர்களுடைய தொழில் கிடைக்கும். மற்றவர்கள் சமையலறையிலோ, தளம் துடைப்பதிலோ, துணி துவைப்பதிலோ, புத்தகப் பெட்டி தூக்குவதிலோ போய்ச் சேர்வார்கள். நற்செய்தி சொல்லப்போகிறேன் என்று ஊரில் சாட்சி சொல்லிவிட்டு வந்த பட்டதாரி, மாதக்கணக்கில் நானூறு பேரின் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருப்பார். வாரத்தில் ஒருநாள் கரை ஊழியத்துக்கு, ஒருநாள் ஓய்வுக்கு. சிறிய அறையில் கொரியர், பிரேசிலியர், ஜெர்மானியர், இந்தியர் ஒன்றாகப் படுக்கவேண்டும். முதலாண்டில் காதல் உறவு தொடங்கக்கூடாது என்ற விதியும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. கடல் மயக்கம், வீட்டு நினைவு, மற்றவரின் ஜெப முறை மீது வரும் எரிச்சல் இவையெல்லாம் சேர்ந்துதான் ஒருவரைப் பக்குவப்படுத்துகின்றன. மிஷன் என்றால் வெள்ளைக்காரர் கொடுப்பதும் மற்றவர் வாங்குவதும் என்ற பழைய படத்தை, கரையில் இறங்கும் இந்தக் கலப்புக் குழுவே மாற்றிவிடுகிறது.

விமர்சனம்

குறுகிய கால மிஷன் பயணங்கள் மீதான விமர்சனத்தில் கனமானது ஹோண்டுராஸிலிருந்து வந்தது. 1998இல் மிட்ச் புயல் அழித்த வீடுகளை மீளக் கட்ட வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் பறந்து வந்தன. அங்கேயே வாழ்ந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக், அந்த வீடுகளையும் உள்ளூர்த் தொழிலாளர் கட்டிய வீடுகளையும் ஒப்பிட்டார். சுமார் 2,000 டாலரில் முடியும் வீட்டுக்கு, குழுவின் பயணச் செலவோடு சேர்த்து 30,000 டாலர் வரை ஆகியிருந்தது. குடியிருப்பவர்களின் வாழ்க்கையில் அதனால் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. போய்வந்தவர்களும் ஊர் திரும்பியபின் காணிக்கை கொடுப்பதில் அதிகம் மாறிவிடவில்லை. இந்த ஆய்வைத் தள்ளிவிட முடியாது. அனாதை இல்லங்களுக்குப் போய் ஒரு வாரம் குழந்தைகளைக் கொஞ்சிவிட்டு வரும் பயணங்கள் இன்னும் கேடானவை. கம்போடியாவில் அத்தகைய இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தது தெரியவந்திருக்கிறது.

கப்பல்களுக்கு இதில் சில சாதகங்கள் உண்டு. தங்குமிடத்தையும் உணவையும் தாங்களே கொண்டுவருவதால் ஏழைச் சபையின் விருந்தோம்பலுக்குப் பாரமாவதில்லை. உள்ளூர் ஆளின் கூலி வேலையைப் பெரும்பாலும் பறிப்பதில்லை. ஓரிரு ஆண்டு தங்குவதால் தன்னார்வலர் கொஞ்சமாவது தேர்ச்சி பெறுகிறார். ஆனால் ஒரு துறைமுகத்தில் நிற்பது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான். அதற்குள் எவருடைய மொழியும் பிடிபடாது. பேசியவரை மறுபடி சந்திக்கவும் முடியாது. அப்படிப் பேசியவர்களின் முகவரிகளை வாங்கிக்கொண்டு, கப்பல் போனபின் வீடு வீடாகப் போகிற உள்ளூர் உபதேசியார் இருந்தால்தான் விதைத்தது முளைக்கும். கப்பல் ஊழியத்தின் பெருமை பேசப்படும்போது அவருடைய பெயர் அநேகமாக வருவதில்லை. முதலில் வரவேண்டியது அவருடைய பெயர்தான்.

திரும்பியபின்

பயணத்தின் நிலையான விளைவு போனவரிடமே காணப்படுகிறது. கப்பலில் இருந்த பலர் பிற்பாடு நீண்டகால மிஷனெரிகளாகவும் போதகர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். மற்றும் பலர் ஆசிரியராகவோ வணிகராகவோ வாழ்ந்தபடி தங்கள் சபையைப் பிற நாடுகளை நினைக்கவைக்கிறார்கள். இதற்குக் கப்பல்களுக்கு முந்தைய எடுத்துக்காட்டு தமிழகத்திலேயே உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் அசரியா, ஒய்.எம்.சி.ஏ. செயலராக 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் கடல் கடந்து இந்தியாவுக்கு ஊழியரை அனுப்பிவந்ததைக் கண்டு, திருநெல்வேலிச் சபையால் ஏன் முடியாது என்று கேட்டபடி திரும்பினார். மறு ஆண்டே, 1903இல், திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாகித் தெலுங்கு நாட்டு தோர்னக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது. 1912இல் அசரியாவே தோர்னக்கலின் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1945இல் இறக்கும்வரை அந்தத் தெலுங்கு மக்களோடுதான் இருந்தார்.